ஒட்சிசன் குறைந்த காற்றும் மெய்வல்லுநர் பயிற்சியும்

1958ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவிலே, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நா. எதிர்வீரசிங்கம் அவர்கள் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அவ்விழாக்களில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். (அயற்கல்லூரியின் புகழாயினும் அதனை நம் புகழாகக் கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.) நிலத்தை உதைத்து மேலெழும் அக்கணத்திலே, உள்ளிழுத்த மூச்சு தசைக்கு உதவ நேரம் ஏது?

தசையிற் சேமித்துள்ள கிரியற்றீன் பொசுபேற்று ஏறக்குறையப் பத்து விநாடிகளுக்கே முழுவிசை தரும். அதற்கப்பால், 400 மீற்றர் போன்ற ஓட்டங்களிலே, கிளைக்கோசன் ஒட்சிசனின்றியே பெருமளவு சிதைந்து வலுவூட்டுகின்றது. உடன்விளையும் அமிலத்தன்மையும் களைப்பிற்கு ஒரு காரணமாகும். கடைசி நூறு மீற்றரிலே கால்கள் கனப்பதை நம் இல்லப் போட்டிகளில் ஓடியோர் அறிவர். இதுவே காற்றின்றிய வலு.

இவ்வலுவைப் பெருக்கும்பொருட்டு, ஒட்சிசன் குறைந்த அறையிற் பாரந்தூக்கும் முறையொன்று அண்மைக்காலத்தில் ஆராயப்படுகின்றது. காற்றில் 21 வீதமாகவுள்ள ஒட்சிசனை 14 அல்லது 15 வீதமாகக் குறைப்பின், அது 3000 மீற்றர் உயரமான மலையிற் சுவாசிப்பதற்கு ஏறத்தாழ ஒப்பாகும். கிரியற்றீன் பொசுபேற்று மீள நிரம்புவதற்கு ஒட்சிசன் வேண்டும். அது குறையவே தசை காற்றின்றிய வழியையே மிகுதியும் நாடுகின்றது. நடுத்தரப் பாரமும் குறுகிய ஓய்வும் கொண்ட பயிற்சியிற் சில ஆய்வுகள் நற்பயன் கண்டன; வேறு சில, சாதாரண காற்றிற் பயின்றோருக்கும் இவர்களுக்கும் வேறுபாடு காணவில்லை. முடிந்த முடிபாக ஒன்றும் கூறுதற்கில்லை.

1968இல், 2240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிக்கோ நகரிலே பொப் பீமன் 8.90 மீற்றர் நீளம் பாய்ந்து, முன்னைய சாதனையை 55 சென்ரிமீற்றரால் விஞ்சினார். மலைக்காற்று தசையை வலுப்படுத்தியதாக இதனைக் கொள்வது பிழை. அடர்த்தி குறைந்த காற்றின் தடை குறைந்தமையும், பின்னின்று வீசிய காற்றுமே அவருக்கு உதவின. அதே விழாவில் தாழ்நிலத்து நெடுந்தூர ஓட்டக்காரர் மூச்சுத் திணறினர்.

நம் குடாநாட்டிலோ குன்றே இல்லை. கீரிமலை பெயரளவில் மலை. 1868 மீற்றர் உயரமான நுவரெலியா நமக்கு நெடுந்தொலைவு. எனினும் மாணவர் மனந்தளர வேண்டா. வலுவாகச் சுருங்கும் தசை தன் குருதிக்குழாய்களைத் தானே நெருக்கி, தனக்குள்ளே ஒட்சிசன் குறைவை உண்டாக்குகின்றது. 30 மீற்றர் விரைவோட்டத்தைச் சிறுசிறு ஓய்வுடன் பலமுறை ஓடினும், கிளித்தட்டு மறித்து விளையாடினும், அக்குறைவு தானே வரும். இதற்கு அறையும் பொறியும் வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவோம். கீரிமலைக் கேணியில் மூச்சடக்கிப் பந்தயம் மூழ்குதலை இப்பயிற்சியோடு ஒப்பிடலாகாது. மூழ்குமுன் விரைந்து விரைந்து மூச்செறிவதால் உடலிலுள்ள காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். மூச்சுவிடத் தூண்டுவது பெரிதும் அதுவே. அத்தூண்டுதல் எழுமுன்னரே மூளைக்கு ஒட்சிசன் குறைந்து, நன்கு நீந்த வல்லவனும் நீருக்கடியில் அறிவிழப்பான். கரையில் நிற்போருக்கு அவன் இன்னும் பந்தயத்தில் இருப்பதாகவே தோன்றும்.