வாசலிலேயே பிரியும் குப்பை

2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த நாகர்கோவிலின் குப்பை பல்லாண்டுகளாக வலம்புரிவிளைக் கிடங்கில் மலையாகக் குவிந்து, அவ்வப்போது தீப்பற்றிச் சுற்றுப்புற மக்களைப் புகையில் தவிக்கவிட்டது. இத்தகைய கிடங்குகளின் சுமையைக் குறைக்கவே 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், காய்கறித்தோல், மீன் செதிள் போன்ற மக்கும் குப்பையையும், பிளாஸ்டிக், கண்ணாடி போன்ற மக்காத குப்பையையும், காலாவதியான மருந்து, பழைய பேட்டரி போன்ற வீட்டு அபாயக் கழிவையும் வீட்டிலேயே தனித்தனியாகப் பிரித்து ஒப்படைக்கப் பணித்தன. சராசரியாக நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் உணவகங்களும் தங்கும் விடுதிகளும் 'பெருமளவு கழிவு உருவாக்குவோர்' எனப்பட்டு, மக்கும் பகுதியை இயன்றவரை தம் வளாகத்திலேயே உரமாக்கும் பொறுப்பை ஏற்றன. பிரிக்காமல் கொடுத்த குப்பையைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளரே. உடைந்த கண்ணாடி அவர் விரலைத்தான் கிழிக்கிறது. அதைக் காகிதத்தில் சுற்றித் தனியே கொடுங்கள்.