பூச்சி மருந்தும் சர்க்கார் மான்யமும்

நெற்பயிருக்கு நேரும் பீடைகளுள் புகையான் மிகக் கொடியது என்பதை நமது அங்கத்தினர்கள் அறிவார்கள். அது தூரடியில் கூட்டமாகத் தங்கிச் சாற்றை உறிஞ்சுவதால், பசுமையான வயல் சில நாட்களில் வட்டவட்டமாகக் கருகிப் போகிறது. இதனை ஒழிக்க வாங்கிய மருந்தே இதனைப் பெருக்கிற்று என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் இந்தோனேஷியாவில் நடந்தது அதுவேயாகும். நெல் பயிரிடுவோரும், அவர்களுக்குக் கடன் வழங்கும் ஐக்கிய சங்கத்தாரும் இவ்விஷயத்தை அறிந்துகொள்வது அவசியம்.

அந்நாட்டுச் சர்க்கார், அரிசிக்கு அயல்நாடுகளை எதிர்பார்க்கும் நிலையை நீக்கக் கருதி, உயர்ரக விதை, ரசாயன உரம், பூச்சி மருந்து, கடன் ஆகியவற்றை ஒருங்கே குடியானவர்களுக்கு அளித்து வந்தது. கிராம ஐக்கிய சங்கங்களும் இவற்றை வினியோகித்தன. மருந்தின் விலையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் சர்க்காரே ஏற்றுக்கொண்ட காலமும் உண்டு. 1984-ம் வருஷத்தில் அரிசி நாட்டின் தேவைக்குப் போதுமானதாயிற்று. ஆனால் அடுத்த இரண்டு வருஷங்களுக்குள் ஜாவாவில் புகையான் பெருவாரியாகத் தோன்றிற்று.

இதன் காரணம் யாது? புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள்ளே இடுகிறது. மேலே தெளிக்கும் மருந்து அவற்றைச் சேர்வதில்லை. ஆனால் புகையானைத் தின்னும் சிலந்திகளும், அதன் முட்டைகளை உறிஞ்சும் நாவாய்ப் பூச்சிகளும் அம்மருந்தால் மடிகின்றன. பிறகு பொரிந்து வரும் குஞ்சுகளுக்குப் பகையே இல்லை. பூச்சி மிகுந்ததென்று மறுபடியும் தெளித்தால் அது இன்னும் பெருகுகிறது. மருந்து மலிவாயிருந்தபடியால், அது தேவைதானா என்று யோசிப்பாரும் குறைந்தனர்.

1986-ம் வருஷம் நவம்பர் மாதம் ஜனாதிபதி சுகார்த்தோ பிறப்பித்த உத்தரவின்படி, 57 வகை மருந்துகளை நெல்லுக்கு உபயோகிப்பது தடுக்கப்பட்டது. மான்யமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1989 ஜனவரியில் அறவே நின்றது. வருஷந்தோறும் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட பொதுப்பணம் மிச்சமாயிற்று. மகசூல் குறையுமென்று அஞ்சினோர் இருந்தனர், அது குறையவில்லை.

தடையுத்தரவு மாத்திரம் இதனைச் சாதிக்கவில்லை. 1989 முதல் வயல்களிலேயே பள்ளிகள் நடத்தப்பட்டன. சுமார் 25 குடியானவர்கள் வாரம் ஒரு முறை கூடி, தூர்களை விலக்கிப் பார்த்து, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று எண்ணிய பின்னரே மருந்தைப் பற்றி முடிவு செய்தனர். பத்து வருஷங்களில் 10 லட்சம் பேருக்கு மேல் இப்பயிற்சி பெற்றனர். 1999-ல் அத்திட்டம் முடிவுற்றது. பின்னர்ச் சந்தையில் மருந்து வகைகள் பெருகின. 2010, 2011-ம் வருஷங்களில் ஜாவாவில் புகையான் மீண்டும் பெருஞ்சேதம் விளைவித்தது. சட்டம் இருந்தும் கவனம் தளர்ந்தால் பழைய நஷ்டம் திரும்பி வரும் என்பது இதனால் விளங்கும்.

நம் பிரதேசத்திலும் புகையான் உண்டு. ஆகையால் அங்கத்தினர்கள் பின்வருவனவற்றை அனுசரிக்கலாம். நடவின்போது எட்டடிக்கு ஓரடி இடைவெளி விடுக. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் இடாதிருக்க. பூச்சி கண்டவுடன் வயலின் நீரை வடிக்க. சிலந்தி இல்லாத வயலில் தூரிலுள்ள கிளை ஒன்றுக்கு ஒரு பூச்சியும், தூருக்கு ஒரு சிலந்தி காணும் வயலில் கிளைக்கு இரண்டு பூச்சிகளும் சேர்ந்தாலன்றி மருந்து வாங்க வேண்டுவதில்லை. இவ்வாறு எண்ணிப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. கடனாகப் பெறும் மருந்துக்கோ அசலும் வட்டியும் கொடுத்தாக வேண்டும்.

சங்க நிர்வாகிகள் நடவுக்கு முன் கூடும் கூட்டத்தில் இதனை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.