நியூட்டனுக்குச் சித்தம் கலங்கியதா?

1693-இல் ஐசக் நியூட்டனுக்குச் சித்தம் கலங்கியதா, இல்லையா? இந்தக் கேள்வியை வைத்து 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு பெரிய இயற்பியலாளர்கள் மோதிக்கொண்டார்கள். பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவர்களுக்கு இருவர் பெயரும் தெரியும். ஒருவர் பயட்-சாவர்ட் விதியின் பயட். இன்னொருவர் புரூஸ்டர் விதியின் புரூஸ்டர்.

பாரீஸில் மிஷோ சகோதரர்கள் வெளியிட்டுவந்த வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்துக்கு நியூட்டன் கட்டுரையை எழுதிக் கொடுத்தவர் பயட். 1822-இல் அது அச்சானது. நியூட்டனுக்கு மூளை கலங்கியிருந்ததாக ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தன்னிடம் சொன்னார் என்று டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் எழுதிவைத்த குறிப்பு ஒன்று லைடன் நகரில் கிடைத்திருந்தது. பயட் அதை ஆதாரமாக வைத்து இன்னும் ஒரு படி மேலே போனார். அந்த நோய்க்குப் பிறகு நியூட்டன் புதிதாகப் பெரிய அறிவியல் எதையும் செய்யவில்லை என்றார். அவருடைய சமய எழுத்துகளையும் அந்தக் காலத்தோடு சேர்த்துப் பேசினார். ஆழ்ந்த கிறிஸ்தவரான புரூஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. நியூட்டனின் இறைப்பற்றை நோயின் விளைவாக்கிவிட்டார்களே என்று கொதித்தார். 1831-இல் தாமே நியூட்டன் வரலாறு எழுதினார். அந்த மாதங்களில் நியூட்டன் எழுதிய கடிதங்களை எடுத்துவைத்து, இவை சித்தம் கலங்கியவர் எழுதுகிற கடிதங்களா என்று வாதாடினார்.

சண்டை அதோடு முடியவில்லை. 1835-இல் பிரான்சிஸ் பெய்லி, இங்கிலாந்தின் முதல் அரச வானியலாளர் ஃபிளாம்ஸ்டீடின் தாள்களைப் புத்தகமாக்கினார். ஃபிளாம்ஸ்டீட் பல்லாண்டு பாடுபட்டுத் தொகுத்த நட்சத்திரப் பட்டியலை அவருடைய சம்மதம் இல்லாமலே நியூட்டனும் ஹாலியும் 1712-இல் அச்சிட்ட கதையும், அதில் சுமார் 300 படிகளை ஃபிளாம்ஸ்டீட் பின்னால் தேடி வாங்கித் தீயிட்ட கதையும் அவர் பக்கத்துப் பார்வையில் வெளிவந்தன. நியூட்டன் அன்பர்கள் மறுப்பு எழுதினார்கள். 1855-இல் புரூஸ்டர் இரண்டு தொகுதிகளில் மறுபடி எழுதினார். அதற்குள் நியூட்டன் குடும்பத்து வாரிசுகளிடமிருந்த கையெழுத்துப் படிகளை அவரே பார்த்திருந்தார். தம் நாயகன் ரசவாதத்தில் அத்தனை காலம் செலவிட்டதை மறைக்க முடியாமல் ஒத்துக்கொண்டார்.

பயட்டின் கட்டுரையிலிருந்து புரூஸ்டரின் கடைசிப் பதில் வரை 33 ஆண்டுகள். வாதம் ஒரு புத்தகத்தில், மறுப்பு வேறொரு நாட்டில், வேறொரு மொழியில், வேறொரு புத்தகத்தில். பயட்டை மட்டும் வாங்கியவர் வீட்டில் ஒரு நியூட்டன். புரூஸ்டரை மட்டும் வாங்கியவர் வீட்டில் இன்னொரு நியூட்டன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சாதாரண வாசகருக்கு வழியே இல்லை.

அன்றைய கலைக்களஞ்சியத்தில் ஒருவர் வரலாற்றை ஒருவர் எழுதுவார். பதிப்பாசிரியர் சரி என்றால் அது அச்சேறும். பிரிட்டானிகாவின் முதல் பதிப்பில் வாழ்க்கை வரலாறுகளே கிடையாது. இரண்டாம் பதிப்பில்தான் சேர்த்தார்கள். ஒன்பதாம் பதிப்பில் மைக்கேல் ஃபாரடே பற்றி எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஃபாரடேயின் கருத்துகளைச் சமன்பாடுகளாக்கியவரே அவர் வரலாற்றையும் எழுதுகிறார் என்றால் அதைவிடத் தகுதியான கை ஏது? ஆனால் அவர் ஃபாரடேயை நெஞ்சார மதித்தவர். அன்று யாரும் அதை ஒரு குறையாகக் கருதவில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராக வைத்து 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியமும் இப்படித் துறை அறிஞர்களை நம்பி எழுந்ததுதான். அந்த உழைப்பைக் கையெடுத்துக் கும்பிடலாம். எழுதியவர் தம் பெயரைப் பணயம் வைத்தார் என்பது அன்றைய முறையின் பெரிய பலம்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருந்தது. எழுதப்பட்டதில் பிழை இருந்தால் யாராவது ஒருநாள் கண்டுபிடிக்கலாம். எழுதாமல் விட்டதை யார் கண்டுபிடிப்பது? 1910, 1911-இல் வெளியான பிரிட்டானிகாவின் பதினோராம் பதிப்பைப் புரட்டினால் மேரி கியூரிக்குத் தனிக் கட்டுரை இல்லை. கணவர் பியேர் கியூரியின் கட்டுரைக்குள் போகிற போக்கில் வருகிறார். அவர் 1903-இலேயே நோபல் பரிசு பெற்றவர். 1906 முதல் சோர்போனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அவருக்கு ஏன் இடமில்லை என்று கேட்க வாசகருக்கு ஒரு வாசலும் இல்லை. 1926-இல் அதே பிரிட்டானிகா ரேடியம் பற்றி எழுத அவரையே அழைத்தது.

2001 ஜனவரி 15-இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது இந்த ஏற்பாடு தலைகீழானது. எழுதுபவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. ‘மேற்கோள் எங்கே?’ என்றுதான் கேட்கிறார்கள். நடுநிலை நோக்கு வேண்டும், சொந்த ஆய்வு கூடாது, எதற்கும் நம்பகமான வெளிச்சான்று வேண்டும் என்பவை அடிப்படை விதிகள். கட்டுரைக்குப் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. யார், எந்த நிமிடம், எந்தச் சொல்லை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கமும் இருக்கிறது. 33 ஆண்டு நடந்த நியூட்டன் சண்டை இன்று நடந்தால் ஒரே பக்கத்தில், எல்லோர் கண் முன்னாலும் நடக்கும்.

நிகோலா டெஸ்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1856-இல் ஸ்மில்யான் கிராமத்தில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசு, இன்று குரோவேஷியா. பெற்றோர் செர்பியர்கள்; தந்தை ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். 1891-இல் டெஸ்லா அமெரிக்கக் குடிமகன் ஆனார். கட்டுரையின் முதல் வரியில் அவரை எந்த நாட்டவர் என்று எழுதுவது? செர்பியாவின் 100 தினார் நோட்டில் அவர் படம் இருக்கிறது. குரோவேஷியா 2023-இல் யூரோவுக்கு மாறியபோது நாணயத்தில் அவரைப் பொறித்தது. செர்பிய மைய வங்கி முன்கூட்டியே ஆட்சேபம் தெரிவித்திருந்தது. இந்த இழுபறி முழுவதும் ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த ஒரு வரிக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் ‘குரோவேஷியாவில் பிறந்தவர்’ என்பார். அடுத்தவர் அழித்து ‘ஆஸ்திரியப் பேரரசில்’ என்பார். ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் ஒருவர் அடுத்தவர் திருத்தத்தைத் திருப்பிப்போட்டால் தடை விழும் என்று விதி இருப்பதால், சண்டை பேச்சுப் பக்கத்துக்குப் போகும். டெஸ்லாவின் நாடு, இனம் பற்றிப் பேசுவதற்கென்றே தனியாக ஒரு பேச்சுப் பக்கம் திறக்க வேண்டியதாயிற்று. ‘செர்பிய-அமெரிக்கர்’ என்ற முடிவு நீண்ட காலமாக நிற்கிறது. அது ஏன் நிற்கிறது என்பதை அங்கே போய் வரிவரியாகப் படிக்கலாம். பயட்டின் வாசகருக்குக் கிடைக்காத வசதி இது.

உயிரோடிருப்பவர்கள் விஷயத்தில் கண்டிப்பு இன்னும் கூடுதல். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர் பற்றிய கட்டுரையில் யாரோ கொலைப் பழியை எழுதிவைக்க, அது மாதக்கணக்கில் கவனிக்கப்படாமலே கிடந்தது. 2005-இல் அது வெளியே தெரிந்து பெரும் சர்ச்சையானதும், வாழ்பவர் வரலாறுகளுக்குத் தனிக் கொள்கை வந்தது. சான்றில்லாத பழிச்சொல்லை விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் சான்றின் மேல் ஏற்றிவைத்தால், அந்தச் சான்று சரியாக இருக்க வேண்டுமே! 2005-இல் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிகாவில் 123. வேதியியலாளர் மெண்டலீவ் வரலாற்றில் மட்டும் விக்கிப்பீடியாவில் 19, பிரிட்டானிகாவில் 8. மெண்டலீவ் வீட்டில் பிழைத்திருந்த பிள்ளைகளில் அவர் 13-ஆவது என்பதற்குப் பதில் 14-ஆவது பிள்ளை என்று விக்கிப்பீடியாவில் இருந்ததும் சுட்டப்பட்ட பிழைகளில் ஒன்று. புத்தகத்துக்குப் புத்தகம் பெயர்த்தெழுதப்பட்டு வருகிற பிழைகள் இப்படித்தான் மேற்கோளோடு நிலைத்துவிடுகின்றன.

நம் ஊரிலும் இது நடந்தது. 2009-இல் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, அவர் சிதம்பரத்தில் படித்தார் என்று செய்திகள் வந்தன. ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டவர்களும் கிளம்பினார்கள். அவர் சிதம்பரத்தில் பிறந்தது உண்மை. மூன்று வயதிலேயே குடும்பத்தோடு பரோடாவுக்குப் போய்விட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாம் படித்ததே இல்லை என்று அவரே சொல்ல வேண்டி வந்தது. பெருமைக்கு ஆசைப்பட்டு அச்சிடுகிற ஒரு பொய்ச் செய்தி, நாளை எந்தக் கலைக்களஞ்சியத்துக்கும் ‘நம்பகமான வெளிச்சான்று’ ஆகிவிடும். இதைச் சின்ன விஷயமாக நினைக்க என்னால் முடியவில்லை.

பொய்ச் சான்றைவிடப் பெரிய ஆபத்து, சான்றே இல்லாமல் இருப்பது. 2018-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்டிரிக்லாண்ட் இணைப்பேராசிரியராக இருந்தார். 1985-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மாணவியாக இருந்தபோது, ஆசிரியர் ஜெரார் மூருவோடு சேர்ந்து லேசர் துடிப்புகளின் வலிமையைப் பன்மடங்காக்கும் வழியைக் கண்டவர். ஒளியியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். அந்த 2018-இல் அவரைப் பற்றி ஒருவர் விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுதிச் சமர்ப்பித்தார். குறிப்பிடத்தக்கவர் என்று காட்டும் சான்றுகள் போதவில்லை என்று மே மாதம் அது நிராகரிக்கப்பட்டது. மூருவுக்கு முன்பிருந்தே பக்கம் இருந்தது. அக்டோபர் 2-ஆம் தேதி இருவருக்கும் நோபல் அறிவித்தார்கள். 1903-இல் மேரி கியூரி, 1963-இல் மரியா கெப்பர்ட்-மேயர். அடுத்து இயற்பியல் நோபல் பெற்ற பெண் ஸ்டிரிக்லாண்ட்தான். அவருக்கு விக்கிப்பீடியாவில் பக்கம் பரிசு அறிவித்த பிறகுதான் வந்தது.

நிராகரித்தவர் சம்பளம் வாங்காத ஒரு தன்னார்வலர், விதிப்படிதான் நடந்தார். நாளிதழ்களும் வார இதழ்களும் ஸ்டிரிக்லாண்டைப் பற்றி எழுதியிருந்தால் அந்த விதியே அவரை உள்ளே அழைத்திருக்கும். 117-ஆவது தனிமமான டென்னசீனைக் கண்டறிய உதவிய குழுவில் பணியாற்றிய கிளாரிஸ் ஃபெல்ப்ஸின் கட்டுரையும் இதே காரணத்தால் 2019-இல் நீக்கப்பட்டு, நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2020-இல் திரும்ப வந்தது. அதை முதலில் எழுதிய லண்டன் இயற்பியலாளர் ஜெஸ் வேட் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளுக்கு இப்படிப் பக்கம் எழுதியிருக்கிறார். ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களின் பங்கு 2014-இல் ஏறத்தாழ 15 சதவீதம். இப்போது 20-ஐ ஒட்டி நிற்கிறது. பலர் பொறுமையாக வாதாடியதால் கிடைத்த ஐந்து சதவீதம் அது.

அன்று நடுநிலை எழுதியவரின் மனச்சாட்சியில் இருந்தது. இன்று அது மேற்கோள்களில் இருக்கிறது. இன்றைய முறைதான் மேலானது என்பது என் உறுதியான கருத்து. மேரி கியூரி ஏன் இல்லை என்று 1911-இல் யாரும் கேட்க முடியவில்லை. ஸ்டிரிக்லாண்ட் ஏன் இல்லை என்று 2018-இல் உலகமே கேட்டது, நிராகரித்த குறிப்பும் தேதியும் எல்லோருக்கும் தெரிந்தன.

ஆனால் மேற்கோளைக் கலைக்களஞ்சியம் உண்டாக்க முடியாது. அதைப் பத்திரிகையாளர்களும் கல்லூரி ஆசிரியர்களும் நாமும்தான் உண்டாக்க வேண்டும். உங்கள் ஊர்க் கல்லூரியில், ஆய்வுக்கூடத்தில் நல்ல வேலை செய்கிற விஞ்ஞானி யாராவது இருந்தால், பரிசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவரைப் போய்ப் பாருங்கள். எங்கே பிறந்தார், எங்கே படித்தார், என்ன கண்டுபிடித்தார், யார் அதை மறுக்கிறார்கள் என்று கேட்டு, சரிபார்த்து, புகழுரை சேர்க்காமல் ஒரு பத்திரிகையில் எழுதுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அவருக்கு ஒரு பக்கம் திறக்க அந்த ஒரு கட்டுரை முதல் சான்றாக நிற்கும்.