மூன்று மாநிலங்கள், ஒரே பிழை

2016 நவம்பர் 2 அன்று, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஆறு நாள் முன்பு, விஸ்கான்சின் மாநிலத்தின் மதிப்புமிக்க கருத்துக்கணிப்பு வெளிவந்தது. மார்க்வெட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி நடத்திய அந்தக் கணிப்பில் ஹிலாரி கிளின்டனுக்கு 46 விழுக்காடு, டொனால்ட் டிரம்புக்கு 40. வாக்குகளை எண்ணியபோது வென்றவர் டிரம்ப். சுமார் 30 லட்சம் வாக்குகளில் அவர் கூடுதலாகப் பெற்றது 22,748.

நாடு தழுவிய கணிப்புகள் அந்த ஆண்டு அவ்வளவாகத் தவறவில்லை. கிளின்டன் சுமார் 3 புள்ளி முந்துவார் என்றன, 2.1 புள்ளி முந்தினார். ஆனால் அமெரிக்காவில் மொத்த வாக்கு அதிபரைத் தீர்மானிப்பதில்லை; மாநிலவாரியான தேர்வாளர்களே தீர்மானிக்கிறார்கள். மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் வென்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும். மொத்தம் 538 பேரில் 270 பேரைச் சேர்த்தவர் அதிபர். அதனால்தான் மாநிலக் கணிப்புகளுக்கு இத்தனை கனம்.

கணிப்பின் அடிப்படைக் கணிதம் எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. குலுக்கல் முறையில் 1,000 பேரைக் கேட்டால், தற்செயலால் வரும் பிழை ஏறத்தாழ 3 புள்ளி கூடும் அல்லது குறையும். அந்த ஆயிரம் பேர் சிறிய மாநிலத்தின் பிரதிநிதிகளா, 32 கோடி மக்களின் பிரதிநிதிகளா என்பது கிட்டத்தட்ட பொருட்டே இல்லை. எத்தனை பேரைக் கேட்டோம் என்பதே துல்லியத்தை நிர்ணயிக்கிறது. ஆனால் அந்த 3 புள்ளி ஒரு வேட்பாளரின் பங்குக்கு மட்டும் உரியது. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் பிழை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 6 புள்ளி முன்னிலைகூட உறுதியானது அல்ல.

இது தற்செயலின் கணக்கு மட்டுமே. யார் பதில் சொல்கிறார்கள் என்பது வேறு கணக்கு. கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் கருத்துக்கணிப்புக்கு அதிகம் பதில் தருகிறார்கள். அவர்களின் பங்கைக் குறைத்து, மற்றவர்களின் பங்கைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். 2016இல் பல மாநிலக் கணிப்புகள் அதைச் செய்யவில்லை. வெள்ளையர்களிடையே கட்சி விருப்பம் படிப்பை ஒட்டிக் கூர்மையாகப் பிரிந்த தேர்தல் அது. கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்களும் விஸ்கான்சினில் பெருமளவு டிரம்ப் பக்கம் சாய்ந்தார்கள்.

அந்தப் பிழை விஸ்கான்சினோடு நிற்கவில்லை. மிச்சிகன், பென்சில்வேனியாவிலும் கணிப்புகள் அதே திசையில் தவறின. பிழையான படியைக் கொண்டு அளந்தால் எந்த வீட்டு நெல்லும் ஒரே பக்கமாகத்தானே தவறும்? மாநிலக் கணிப்புகளைப் படிப்பவர்கள் இதைத்தான் முதலில் மனத்தில் வைக்க வேண்டும் என்பேன். மூன்று மாநிலங்களிலும் ஒருவர் வெல்லும் வாய்ப்பு தலா ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் மூன்றையும் அவர் சேர்த்து வெல்லும் வாய்ப்பு 125இல் 1. முழுவதும் சேர்ந்தே தவறும் என்றால் ஐந்தில் 1! 2016 தேர்தல் நாளன்று ஹஃபிங்டன் போஸ்ட் செய்தித்தளம் கிளின்டனுக்கு 98 விழுக்காடு வாய்ப்பு தந்தது. நேட் சில்வரின் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் டிரம்புக்கு 29 விழுக்காடு தந்தது. இரு தளங்களும் எடுத்துக்கொண்ட கருத்துக்கணிப்புகள் ஏறத்தாழ ஒன்றே. மாநிலங்களின் பிழைகள் எவ்வளவு கைகோத்து நடக்கும் என்ற மதிப்பீடே அந்த இரு தளங்களையும் பிரித்ததில் பெரும்பங்கு வகித்தது.

2020இல் கணிப்பாளர்கள் பலர் கல்விக் கணக்கைச் சரிசெய்தார்கள். இருந்தும் விஸ்கான்சினில் பைடன் 8 புள்ளி அளவில் முந்துவார் என்று கணிப்புச் சராசரி காட்டியது; தேர்தலில் அவர் முந்தியது ஒரு புள்ளிக்கும் குறைவாகவே. 2024இல் இழுபறி மாநிலங்கள் ஏழிலும் கணிப்புச் சராசரிகள் மிக நெருக்கமான போட்டியைக் காட்டின. ஏழையும் வென்றவர் டிரம்ப்.