நாய்க்கு 'சாம்பியன்' பட்டம் சும்மா கிடைச்சிடுமா?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஏரியாவில் நாய்க்குட்டி விலை கேட்டால், "இது சாம்பியன் வாரிசு சார், அப்பன் பட்டம் வாங்கினவன்" என்று சொல்லி ரேட்டை ஏற்றுகிறவர்கள் உண்டு. அது என்ன பட்டம்? யார் கொடுப்பது?

கொடுப்பது கென்னல் கிளப் ஆப் இந்தியா. அதன் தலைமை அலுவலகம் நம்ம சென்னையில்தான் இருக்கிறது. நாய்களின் வம்சத்தைப் பதிவு செய்து வைப்பதும் இந்த அமைப்புதான்.

கோப்பை வேறு, பட்டம் வேறு

கண்காட்சியில் ஒரு நாள் கோப்பை வாங்கிவிட்டால் நாய் சாம்பியன் ஆகிவிடாது. நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். உடம்பைத் தடவிப் பார்ப்பார். ஓடவிட்டு நடையைக் கவனிப்பார். அந்த இனத்துக்கென எழுதி வைத்த இலக்கணத்துக்கு நாய் பொருந்தினால் 'சேலஞ்ச் சர்டிபிகேட்' தருவார். தகுதி இல்லை என்று நினைத்தால் யாருக்குமே தரமாட்டார்.

வெவ்வேறு நடுவர்களிடம் இப்படிப் பல சர்டிபிகேட் வாங்கினால்தான் பட்டம். இங்கிலாந்தில் 3 நடுவர்களிடம் 3 வாங்க வேண்டும். ஒரு நடுவரை மட்டும் கைக்குள் போட்டுக்கொண்டால் வேலைக்கு ஆகாது!

சொன்ன பேச்சைக் கேட்டால்...

அழகுக்கு மட்டுமல்ல, சொன்ன பேச்சைக் கேட்பதற்கும் பட்டம் உண்டு. அமெரிக்காவில் இது தொடங்கிய கதை இது. பூடில் நாய் வளர்த்த ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி, 'பூடில் வெறும் பொம்மை நாய்' என்ற கேலிக்குப் பதிலடியாக 1933-ல் கீழ்ப்படிதல் போட்டி நடத்தினார். 1936-ல் அமெரிக்க கென்னல் கிளப் அதை ஏற்றுக்கொண்டது. முதல் படியான 'கம்பேனியன் டாக்' பட்டத்துக்கு 200 மார்க்கில் 170 எடுக்கணும், அதுவும் 3 தடவை. செயின் இல்லாமல் ஒட்டி நடக்கணும், கூப்பிட்டால் வரணும், சொன்ன இடத்தில் அசையாமல் இருக்கணும்.

பணத்தை வைத்து நல்ல குட்டியை வாங்கிவிடலாம். இதை வாங்க முடியாது. ஷிப்ட் முடிந்து களைத்து வந்தாலும் தினமும் கொஞ்ச நேரம் பழக்கணும். நாய்க்குப் பட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது பிஸ்கெட்டும், வளர்ப்பவர் குரலும்தான். அதனால் மார்க் நாய்க்கு மட்டுமில்லை, வளர்த்தவருக்கும்தான். 2010 முதல் அமெரிக்காவில் கலப்பின நாய்களும் இதில் கலந்துகொள்ளலாம்.

வெள்ளை நிற மோகம்

2005-ல் தபால்தலையில் இடம்பிடித்த நம்ம ராஜபாளையத்துக்கு வெள்ளை நிறம்தான் கவுரவம். ஆனால் நிறத்தை மட்டுமே குறிவைத்து இனப்பெருக்கம் செய்தால் காது கேளாத குட்டிகள் பிறக்கும் ஆபத்து அதிகம். வாங்கும்முன் குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், திரும்புகிறதா என்று.

அப்பன் சாம்பியன் என்றால் குட்டிக்குத் தானாகப் பட்டம் வராது. பதிவு சர்டிபிகேட்டில் தாய், தகப்பன் பெயரைச் சரிபாருங்கள். மைக்ரோசிப் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது.