ரோட்டவேட்டரின் பக்கப் பெட்டியில் என்ன இருக்கிறது?

பொம்மையார்பாளையத்துச் செம்மண் மழைக்குப் பின் காய்ந்தால் ஓடு மாதிரி இறுகிவிடும். அதைப் பொடியாக்கத்தான் ரோட்டவேட்டர். டிராக்டரின் பின்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. மண் கிளறும் கத்தித் தண்டுக்கோ சுமார் 200 போதும். மீதி வேகம் எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை, முறுக்குவிசையாக மாறுகிறது. நடுப்பெட்டியில் 12 பல் கொண்ட கூம்புச் சக்கரம் 24 பல் சக்கரத்தைச் சுழற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டம் செங்கோணத்தில் திரும்பும், வேகமும் 270 ஆகும். பக்கப் பெட்டியில் 21 பல், 28 பல் சக்கரங்கள் இருந்தால் 202 சுற்று. உராய்வில் கொஞ்சம் போனாலும் முறுக்கு இரண்டரை மடங்கைத் தொடும்.

இரண்டையும் நடுவிலேயே வைத்தால் என்ன? வைக்கலாம்; ஆனால் பெட்டிக்கு நேர் கீழே கத்தி பொருத்த இடமிருக்காது, ஒரு பட்டை மண் உழாமல் கிடக்கும். அதனால்தான் ஓரத்துக்குப் போனார்கள். மேலிருந்து கீழே இரண்டே சக்கரங்களால் எட்டவேண்டுமானால் அவை பெருத்து, பெட்டி மண்ணில் உரசும். ஆகவே இடையில் ஒரு சக்கரம். அதற்கு எத்தனை பல் இருந்தாலும் கணக்கு மாறாது, வெறும் தூது!

சில ரோட்டவேட்டர்களின் பக்கப் பெட்டியில் பல்சக்கரத்துக்குப் பதில் சங்கிலி ஓடும். எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் நாள்பட நீளும். கல் அடிக்கும் கொல்லைக்கு நான் பல்சக்கரத்தையே எடுப்பேன். புழுச் சக்கரம்? ஒரே கட்டில் வேகத்தை வெகுவாகக் குறைக்கும்தான். ஆனால் பல் வழுக்கியே ஓடுவதால் டீசல் வெப்பமாக வீணாகும்.