வித்துப்போன அன்னபூரணி

டார்ம்ஸ்டாட்டில் கடல் இல்லை. வோக் குளமும், மேற்கே கொஞ்ச நேரம் ஓடினால் ரைன் ஆறும்தான் எங்கட பிள்ளையளுக்குத் தெரிஞ்ச தண்ணி. அதனால் "நல்லாப் பராமரிச்ச பாய்மரப் படகு விற்பனைக்கு" என்ற விளம்பரத்தைப் பார்க்கிற பிள்ளை, இது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்றுதான் நினைக்கும். தாத்தா விமானத்தில் வந்து அடைக்கலம் கேட்ட கதை மட்டும் தெரிஞ்சால் வேறெப்படி நினைக்கும்?

வல்வெட்டித்துறையில் வேம்பிலும் இலுப்பையிலும் கட்டின கப்பல் அன்னபூரணி. 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். சரக்கு ஏத்தி ஓடின அந்தப் பழைய கப்பலை 1930களில் விலைக்கு வாங்கினவர் வில்லியம் அல்பேர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர். 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் ஏற்கனவே உலகைச் சுத்தி வந்த மனுசன். மரத்தைத் தட்டிப் பார்க்கத் தெரியாமல் வாங்கியிருக்க மாட்டார்.

பெயரை மாத்தினார். தன் மனைவியின் பெயரில் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார். (எனக்கு அன்னபூரணிதான் பிடிக்கும்.) ஆனால் கப்பலோட்ட வல்வெட்டித்துறை மாலுமிகள் கூடவே போனார்கள். சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா தாண்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தைப் பிடித்தார்கள். இண்டைக்குப் பழைய படகு வாங்குகிறவர் நிபுணரைக் கூப்பிட்டு அடிப்பக்கம் ஈரம் ஊறியிருக்கா, கயிறு நைஞ்சிருக்கா என்று பார்ப்பார். அன்னபூரணியைச் சோதிச்சது அட்லாண்டிக்.

அடுத்த முறை அப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், உலகப்படத்தை விரியுங்கள். வல்வெட்டித்துறையில் பிள்ளையின் விரலை வைத்து, குளோஸ்டர் வரை இழுக்கச் சொல்லுங்கள். சூயஸ் கிட்ட மட்டும் கொஞ்சம் உதவி தேவைப்படும்.